சட்டம் இட்ட வேலி: தென்னாப்பிரிக்கத் தமிழரும் இனவொதுக்கல் சட்டங்களும்

பினாங்கு மாநிலத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

ஜார்ஜ் டவுன், பினாங்கு



தென்னாப்பிரிக்காவின் இனவொதுக்கல் ஆட்சி சட்டப் புத்தகத்தின் மேல் எழுந்தது. பிறந்த குழந்தையை எந்த இனமாகப் பதிவது, அது எந்தப் பள்ளியில் படிப்பது, வளர்ந்தபின் எந்த வேலைக்குப் போவது, யாரை மணப்பது, எந்தத் தெருவில் குடியிருப்பது, எந்தக் கடற்கரையில் கால் நனைப்பது என ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம் இருந்தது. ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு தண்டனைப் பிரிவு இருந்தது. மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே இருந்த வெள்ளையர், பெரும்பாலும் தாங்கள் மட்டுமே வாக்களித்துத் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றத்தில் இவற்றை நிறைவேற்றினர்.

இச்சட்டங்களின் கீழ் வாழ்ந்தவர்களில் இலட்சக்கணக்கான தமிழரும் அடங்குவர். 1948இல் தேசியக் கட்சி பதவிக்கு வந்தபோது இனவொதுக்கல் அரசுக் கொள்கையாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அதன் வேர் அதற்கு முந்தைய நூற்றாண்டில், கரும்புத் தோட்டக் கூலிகளை அடக்கி வைக்க எழுதப்பட்ட காலனிச் சட்டங்களில் கிடக்கிறது. அதே காலத்தில் அதே தமிழ் நாட்டு மாவட்டங்களிலிருந்து கப்பலேறியவர்களின் வழிவந்தோரே பினாங்குத் தமிழரில் மிகப் பலர். ஆகவே இது தொலைதூர நாட்டுச் செய்தியன்று, பினாங்குத் தமிழ் மாணவரின் உறவு முறை வரலாறு. அதை வரிசைப்படுத்திச் சொல்வதே இம்மடலின் நோக்கம்.

ஒரே நாட்டுக் கூலிகள், இரண்டு துறைமுகங்கள்

1860ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் காலனியில் இருந்த கரும்புத் தோட்டங்களுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வந்த முதல் கூட்டம் அது. 1911இல் இந்த ஆளனுப்புதல் நிற்கும்வரை ஏறத்தாழ 1,52,000 பேர் நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மாகாணத்துத் தமிழரும் தெலுங்கரும். மற்றவர்கள் கல்கத்தா வழியாக வந்த வட இந்தியர். கரும்போடு நிலக்கரிச் சுரங்கம், இரயில்வே, நகராட்சி வேலை ஆகியவற்றுக்கும் இவர்கள் அனுப்பப்பட்டனர்.

ஒப்பந்தக் கூலியின் நிலையைச் சட்டமே வரையறுத்தது. எழுத்துமூல அனுமதி இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியேறுவது குற்றம். வேலைக்கு வராமல் இருப்பதும் குற்றம். முதலாளியோடு ஏற்படும் கூலித் தகராறு உரிமை வழக்காக இல்லாமல் தண்டனை வழக்காகவே நீதிமன்றத்துக்குப் போனது. பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலி, முதலாளி அடித்து உடைத்த பற்களும் இரத்தம் தோய்ந்த தலைப்பாகையுமாக டர்பனில் இளம் வழக்கறிஞர் காந்தியிடம் வந்து நின்றது இந்தச் சட்டங்களின் காலத்தில்தான்.

அதே காலத்தில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களிலும் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தனர். மலாயாவில் ஒப்பந்த முறை 1910இல் கைவிடப்பட்டது. அதன்பின் கங்காணி முறை ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தது. மலாயாவிலும் நிறத் தடை இருந்தது. 1904 முதல் மலாயாவின் உயர் நிருவாகப் பணிக்கான தேர்வை, தாய்வழியிலும் தந்தைவழியிலும் தூய ஐரோப்பியராக இருந்தவர் மட்டுமே எழுதலாம் என்பது விதி. மருத்துவப் பணியின் மேல்பதவிகளும் வெள்ளையருக்கே. பினாங்கில் பிறந்து கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்துத் திரும்பிய டாக்டர் ஊ லியன் தேயும் அந்தத் தடையை எதிர்கொண்டார்.

இரண்டு நாடுகளுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு இது. மலாயாவில் வெள்ளையர் பெரும்பாலும் அதிகாரிகளாகவும் தோட்டத் துரைமார்களாகவும் வந்து, பணிக்காலம் முடிந்ததும் ஊர் திரும்பினர். தென்னாப்பிரிக்காவில் அவர்கள் குடியேறி, நிலம் பிடித்து, தமக்கென ஒரு சட்டமன்றமும் வைத்துக்கொண்டனர். அதனால் மலாயாவில் பணி விதியாகவும் சங்க விதியாகவும் நின்ற நிறத் தடை, அங்கே நாட்டின் அடிப்படைச் சட்டமாக வளர்ந்தது.

ஒப்பந்தம் முடிந்தவன் குடியேறக் கூடாது: 1885 முதல் 1914 வரை

ஒப்பந்தம் முடிந்த தமிழர் ஊர் திரும்பாமல் காய்கறித் தோட்டம் போட்டனர், மீன் பிடித்தனர், சிறு கடை வைத்தனர். குஜராத்தி வணிகரும் வந்து சேர்ந்தனர். உழைக்க வந்தவன் போட்டியாளனாக ஆனதும் வெள்ளைக் குடியேறிகள் சட்டத்தைக் கையில் எடுத்தனர்.

முதல் சட்டம் 1885இல் டிரான்ஸ்வால் குடியரசில் வந்தது. ஆசிய இனத்தவர் குடியுரிமை பெற முடியாது, ஒதுக்கப்பட்ட தெருக்களுக்கு வெளியே நிலம் வாங்க முடியாது, பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும் என்று அது கூறியது. அடுத்த ஆண்டுத் திருத்தத்தில் இந்த ஒதுக்கலுக்குச் சுகாதாரம் காரணமாகக் காட்டப்பட்டது. ஒதுக்கிய இடத்துக்குத் தண்ணீரும் கழிவு வசதியும் செய்து தராமல், அங்கே நோய் வந்தால் அதையே வெளியேற்றக் காரணமாக்குவது பின்னாளில் வழக்கமாயிற்று. 1904இல் ஜோகன்னஸ்பர்க்கின் கூலிக் குடியிருப்பில் பிளேக் பரவியபோது, நகராட்சி அங்கிருந்தவர்களை நகருக்கு வெளியே கிளிப்ஸ்ப்ரூட்டுக்குக் கொண்டுபோய், குடியிருப்பைத் தீயிட்டு அழித்தது. ஆரஞ்சு சுதந்திர நாடு 1891இல் இந்தியரைக் குடியேறவே விடாமல் தடுத்தது. அந்தத் தடை 1986 வரை நீடித்தது.

நேட்டால் வேறு வழியைக் கையாண்டது. 1895ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்தும் மறு ஒப்பந்தம் செய்யாமலும் இந்தியா திரும்பாமலும் தங்குவோர் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும். ஒப்பந்தத்தின் முதலாண்டில் மாதக் கூலி 10 ஷில்லிங். அந்தக் கணக்கில் 3 பவுன் என்பது ஆறு மாதக் கூலி. பின்னர் இவ்வரி, பருவம் எய்திய பிள்ளைகளுக்கும் விரிந்தது. 1896இல் இந்தியரின் வாக்குரிமை பறிபோனது. 1897இல் கடை உரிமம் தருவதும் மறுப்பதும் நகராட்சி அதிகாரியின் விருப்பமாயிற்று. சட்டத்தின் வாசகத்தில் இனம் என்ற சொல்லே வராமல் ஓர் இனத்தை மட்டும் குறிவைக்க இச்சட்டங்கள் வழிகாட்டின.

1906இல் டிரான்ஸ்வால் அரசு, ஒவ்வோர் ஆசியரும் கைரேகை வைத்துப் பதிவுச் சீட்டு பெற்று எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்று கொண்டுவந்த சட்டத்தை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் பிறந்தது. அதில் தமிழரின் பங்கு பெரிது. மொரிசியசில் பிறந்த தம்பி நாயுடு பலமுறை சிறை சென்றார். சிறைக் கொடுமையால் நோயுற்ற இளைஞர் நாகப்பன் 1909இல் இறந்தார். நாடு கடத்தப்பட்டுக் கப்பலிலேயே அலைக்கழிக்கப்பட்ட நாராயணசாமி 1910இல் இறந்தார்.

1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தின் நீதிபதி சேர்ல், கிறித்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லாது என்னும்படியான தீர்ப்பை வழங்கினார். ஒரே நாளில் இந்து, முஸ்லிம் மனைவியர் சட்டத்தின் கண்ணில் மனைவியராக இல்லாமல் போயினர். ஜோகன்னஸ்பர்க் தமிழ்ப் பெண்கள் அனுமதியின்றி நேட்டால் எல்லையைக் கடந்து, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் போய், 3 பவுன் வரி நீங்கும்வரை வேலைக்குப் போகவேண்டாம் என்றார்கள். அக்டோபரில் சுரங்கங்கள் நின்றன. நவம்பர் 6 அன்று 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்து நடந்தனர். வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. சில இடங்களில் தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இப்போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை பீட்டர்மாரிட்சுபர்க் சிறையில் காய்ச்சல் கண்டு, வெளிவந்த சில நாள்களில், 1914 பிப்ரவரி 22 அன்று உயிர்நீத்தார். அவருக்கு வயது 16. அதே ஆண்டு இந்தியர் நிவாரணச் சட்டம் 3 பவுன் வரியை நீக்கி, இந்தியத் திருமணங்களை ஏற்றது.

நிலத்தின் மேல் விழுந்த கோடு: 1913 முதல் 1948 வரை

வள்ளியம்மை சிறை சென்ற அதே 1913இல்தான் கறுப்பின மக்களை வேரறுத்த பூர்வகுடி நிலச் சட்டமும் நிறைவேறியது. நாட்டின் பெரும்பான்மையரான ஆப்பிரிக்கர், நிலப்பரப்பில் ஏறத்தாழ 7 விழுக்காடான ஒதுக்கிடங்களுக்கு வெளியே நிலம் வாங்கத் தடை வந்தது. 1936இல் அது ஏறத்தாழ 13 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. தங்கச் சுரங்கங்களுக்கும் வெள்ளையர் பண்ணைகளுக்கும் மலிவான ஆள் தேவைப்பட்டது. சொந்த நிலத்தில் பயிரிட்டு வாழ முடிந்தவன் சுரங்கத்துக்கு வரமாட்டான் என்பதே இச்சட்டத்தின் கணக்கு. 1911ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின்கீழ் வந்த விதிகள், திறமை வேண்டும் பணிகளை வெள்ளையருக்கு ஒதுக்கிவிட்டிருந்தன.

இந்தியர் விஷயத்தில் அரசின் ஆசை அவர்களைத் திருப்பி அனுப்புவதாகவே இருந்தது. 1925இல் அவர்களைத் தனிப் பகுதிகளில் ஒதுக்க ஒரு மசோதா வந்தது. இந்திய அரசின் தலையீட்டால் அது கைவிடப்பட்டு, 1927இல் கேப் டவுன் ஒப்பந்தம் ஏற்பட்டது. உதவிப் பணம் பெற்று இந்தியா திரும்பலாம், தங்குவோருக்குக் கல்வி வசதி செய்யப்படும் என்பது அதன் சாரம். கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி இந்தியாவின் முதல் பிரதிநிதியாகத் தென்னாப்பிரிக்கா போனார். டர்பனின் சாஸ்திரி கல்லூரி அவர் முயற்சியில் எழுந்தது. இதே சாஸ்திரிதான் பின்னர் மலாயாவுக்கும் வந்து, தோட்டத் தொழிலாளர் நிலை பற்றி 1937இல் அறிக்கை தந்தார்.

1943இல் டர்பனில் இந்தியரும் வெள்ளையரும் ஒருவருக்கொருவர் வீடு, மனை விற்பது தடுக்கப்பட்டது. 1946இல் பிரதமர் ஸ்மட்ஸின் அரசு கொண்டுவந்த ஆசியர் நிலவுரிமைச் சட்டம் அந்தத் தடையை நிரந்தரமாக்கியது. டர்பனில் தமிழரான டாக்டர் ஜி. எம். நாயக்கரும், டிரான்ஸ்வாலில் டாக்டர் யூசுப் தாதுவும் எதிர்ப்பைத் தலைமையேற்று நடத்தினர். 1946 ஜூன் 13 அன்று டர்பனின் அம்பிலோ சாலையும் கேல் தெருவும் கூடும் மூலையில், வெள்ளையருக்கு ஒதுக்கப்பட்ட வெற்று மனையில் சத்தியாக்கிரகிகள் கூடாரம் அடித்தனர். வெள்ளைக் கும்பல்கள் கூடாரங்களைப் பிய்த்தெறிந்தன. மறுநாள் மீண்டும் ஆட்கள் வந்தனர். இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 2,000 பேர் சிறை சென்றனர். டர்பனின் தமிழ்ப் பெண் மருத்துவர் டாக்டர் குணம் அவர்களில் ஒருவர். இந்தியா 1946இலேயே தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தை முறித்துக்கொண்டு, ஐக்கிய நாடுகள் சபையில் வழக்கை எழுப்பியது.

1948க்குப் பின்: சட்டங்களின் அடுக்கு

1948 மே மாதத் தேர்தலில் டி. எஃப். மலான் தலைமையில் தேசியக் கட்சி வென்றது. அதுவரை சிதறிக் கிடந்த ஒதுக்கல்களை அது ஒரே அமைப்பாகத் தொகுத்தது. சட்டங்கள் ஒன்றையொன்று தாங்கி நின்ற விதத்தைப் புரிந்துகொண்டால்தான் அந்த ஆட்சியின் வலு விளங்கும்.

அடித்தளம் 1950ஆம் ஆண்டு மக்கள்தொகைப் பதிவுச் சட்டம். ஒவ்வொருவரையும் வெள்ளையர், கலப்பினத்தார், பூர்வகுடியினர் என்று அது வகைப்படுத்தியது. இந்தியர் முதலில் கலப்பினத்தாரின் உட்பிரிவாகவும் பின்னர் தனி வகையாகவும் வைக்கப்பட்டனர். தோற்றமும் ஊராரின் கருத்துமே அளவுகோல். ஐயம் வந்தால் அதிகாரி தலைமுடியின் சுருளில் பென்சிலைச் செருகி, அது நிற்கிறதா விழுகிறதா என்று பார்த்த கொடுமையும் நடந்தது. ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள் வேறுவேறு இனமாகப் பதிவாகிப் பிரிந்த குடும்பங்கள் உண்டு.

இனம் கலந்தால் வகைப்பாடு குலையும். ஆகவே 1949இல் கலப்புத் திருமணத் தடைச் சட்டமும், 1950இல் இனம் கடந்த உறவைக் குற்றமாக்கும் திருத்தமும் வந்தன. அண்டை அயலில் வாழ்ந்தாலும் மனிதர் கலப்பர். ஆகவே 1950இல் குழுப் பகுதிகள் சட்டம். நகரின் ஒவ்வொரு பகுதியும் ஓர் இனத்துக்கு மட்டும் என அரசிதழில் அறிவிக்கப்படும். அந்த இனத்தைச் சேராதவர் சொந்தக்காரராக இருந்தாலும் வெளியேற வேண்டும்.

அடுத்து 1953ஆம் ஆண்டுத் தனி வசதிகள் ஒதுக்கீட்டுச் சட்டம். அதற்கு ஒரு பின்னணி உண்டு. கேப் டவுன் இரயில் நிலையத்தில் வெள்ளையருக்கான காத்திருப்பு அறையில் நுழைந்த லூசு என்ற ஆப்பிரிக்கர் மீதான வழக்கில், தனியாக ஒதுக்கும்போது வசதிகள் சமமாக இருக்க வேண்டும் என்னும் கருத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வசதிகள் சமமாக இல்லை என்ற காரணத்தால் ஒதுக்கல் செல்லாததாகாது என்று நாடாளுமன்றம் அதே ஆண்டில் சட்டமே போட்டுவிட்டது. நீதிமன்றம் திறந்த கதவைச் சட்டம் சாத்தியது. பூங்கா நாற்காலி, பேருந்து, அஞ்சலகக் கவுண்டர், கழிப்பறை, கடற்கரை என எங்கும் பலகைகள் முளைத்தன.

கல்விக்கு 1953ஆம் ஆண்டுப் பாண்டு கல்விச் சட்டம். ஆப்பிரிக்கக் குழந்தைகளை அடிமட்ட வேலைக்கு மட்டும் பழக்குவதே அதன் உள்நோக்கம். அன்றைய பூர்வகுடி விவகார அமைச்சர் வெர்வூர்டு அதை மறைக்கவும் இல்லை. 1959ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகங்களையும் இனவாரியாகப் பிரித்தது. இந்தியருக்கென டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் ஒரு கல்லூரி 1961இல் தொடங்கியது. 1965ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியப் பள்ளிகள் தனித் துறையின் கீழ் வந்தன. அந்தப் பள்ளிகள் ஆங்கிலவழிப் பள்ளிகள். தமிழ் வகுப்புகளைக் கோயில்களும் சங்கங்களும் தம் கைப்பணத்தில் மாலையில் நடத்தின. தமிழ் அங்கே வீட்டு மொழியாக நிலைக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாவற்றினும் கொடியது கடவுச் சீட்டுச் சட்டம். ஆப்பிரிக்கர் ஒவ்வொருவரும் எங்கே வேலை செய்கிறார், நகரில் தங்க உரிமை உண்டா என்று காட்டும் புத்தகத்தை 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி எப்போதும் சுமக்க வேண்டும். இல்லையென்றால் கைது. கடவுச் சீட்டுக் குற்றங்களுக்காகக் கைதானோர், வழக்குக்கு உள்ளானோர் தொகை பல பத்தாண்டுகளில் மொத்தமாகக் கோடியைத் தாண்டியது. 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் இச்சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்களைக் காவல்துறை சுட்டதில் 69 பேர் மாண்டனர்.

டர்பன் தமிழருக்கு நேர்ந்தது

குழுப் பகுதிகள் சட்டம் இந்தியர் மீது மிகக் கடுமையாக விழுந்தது. நகருக்குள் வீடும் கடையும் சொந்தமாக வைத்திருந்தவர்கள் அவர்கள். 1980களின் நடுப்பகுதிவரை ஏறத்தாழ 40,000 இந்தியக் குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. அதே சட்டத்தால் வீடு இழந்த வெள்ளையர் குடும்பங்கள் 2,500ஐக்கூட எட்டவில்லை.

டர்பனின் கேட்டோ மேனர், ஒப்பந்தம் முடிந்த கூலிகள் காடு திருத்திக் காய்கறி பயிரிட்ட பள்ளத்தாக்கு. தலைமுறைகளாகச் சொந்தமாக நிலம் வைத்திருந்த தமிழரும், அவர்களிடம் குடிக்கூலிக்கு இருந்த ஆப்பிரிக்கரும் அங்கே வாழ்ந்தனர். அது வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டதும் ஆப்பிரிக்கர் குவாமாஷுவுக்கும் பிற ஒதுக்கிடங்களுக்கும், இந்தியர் பெரும்பாலும் சாட்ஸ்வொர்த்துக்கும் அனுப்பப்பட்டனர். வீடுகள் இடிக்கப்பட்டன. பெல்லேர் சாலையிலுள்ள அம்பலவாணர் ஆலயம் போன்ற கோயில்கள் மட்டும் நின்றன. தீமிதித் திருவிழாவுக்கு, வெளியேற்றப்பட்ட குடும்பங்களே தொலைவிலிருந்து அங்கே திரும்பி வந்தன. பிரிட்டோரியாவின் மரபஸ்டாட்டிலும் இதே கதை. மக்கள் லாடியத்துக்குப் போக, மாரியம்மன் கோயில் அங்கேயே இருந்தது.

நகராட்சித் துப்புரவுத் தொழிலாளரின் குடியிருப்பான மேகசின் பேரக்சும் காலி செய்யப்பட்டது. பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும் வாழ்ந்த நெருக்கமான லயங்கள் அவை. வசதி இல்லாத இடமென்றாலும் கால்பந்துக் குழுவும் நாடகமும் கோயிலும் நிறைந்த இடம். 1964 முதல் குடியேற்றப்பட்ட சாட்ஸ்வொர்த், நகர மையத்துக்கு வெகு தெற்கே, வெள்ளையர் பகுதிகளுக்கும் உம்லாசி என்ற ஆப்பிரிக்கர் பகுதிக்கும் இடையில் அமைந்தது. அங்கே வாழைத் தோட்டம் வைத்திருந்த இந்திய விவசாயிகளின் நிலமும் அதற்காகப் பறிக்கப்பட்டது. சந்தைக்கும் வேலைக்கும் நடந்து போனவர்கள் பேருந்துக்கும் இரயிலுக்கும் காசு கட்டி நெடுந்தூரம் போகலாயினர். பல தலைமுறை ஒன்றாக இருந்த பெரிய வீடுகள், சிறிய நகராட்சி வீடுகளில் துண்டுபட்டன.

ஜார்ஜ் டவுனில் பிட் ஸ்திரீட்டை ஒட்டிச் செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும், குவான் யின் கோயிலும், 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலும், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் சில நிமிட நடைக்குள் நிற்கின்றன. அவற்றைச் சுற்றி அந்தந்த மக்கள் குடியிருந்தனர், கடை வைத்தனர். குழுப் பகுதிகள் சட்டம் இங்கே இருந்திருந்தால், அந்தத் தெருவில் ஓர் இனத்தாரைத் தவிர மற்ற எல்லாரும் வெளியேறியிருக்க வேண்டும். சட்டத்தின் பொருளை மாணவருக்கு விளக்க இதைவிடத் தெளிவான சான்று பினாங்கில் இல்லை.

பிரித்தவர்களும் சேர்ந்தவர்களும்

இனவொதுக்கல் மக்களை இரண்டாகப் பிரித்ததோடு நிற்கவில்லை, படிநிலைகளாக அடுக்கியது. இந்தியருக்குச் சிறிது கூடுதல், ஆப்பிரிக்கருக்கு எல்லாவற்றிலும் குறைவு. நடுப்படியில் நின்றவர்களைக் கீழ்ப்படியிலிருந்து பிரித்து வைப்பதும் அதன் நோக்கம். தொடக்க கால இந்தியத் தலைவர்கள் சிலர் இந்த வலையில் விழுந்தனர். 1890களில் டர்பன் அஞ்சலகத்தில் ஆப்பிரிக்கரோடு ஒரே வாயிலில் நுழைய வேண்டியிருந்ததை எதிர்த்து, இந்தியருக்குத் தனி வாயில் பெற்றதை, அவர்களின் அரசியல் அமைப்பான நேட்டால் இந்தியக் காங்கிரஸ் ஒரு வெற்றியாகக் கருதியது. அந்தப் பார்வை தவறானது. 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே மூண்ட கலவரத்தில் 142 பேர் இறந்தனர். இறந்தவர்களில் ஆப்பிரிக்கரே அதிகம், இந்தியர் 50 பேர். வீட்டு வாடகை, பேருந்து, கடை என அன்றாடம் உரசிய இரண்டு ஏழைச் சமூகங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏவியது, இருவரையும் ஒதுக்கிய ஆட்சியமைப்பே.

இதை உணர்ந்த தலைவர்களும் இருந்தனர். கலவரத்துக்கு முன்பே, 1947 மார்ச் 9 அன்று, ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் டாக்டர் சூமாவும் டாக்டர் நாயக்கரும் டாக்டர் தாதுவும் கூட்டாகப் போராட உடன்படிக்கை செய்தனர். 1952 ஜூன் 26 அன்று தொடங்கிய சட்டமறுப்பு இயக்கத்தில் இரு சமூகத்தாரும் வெள்ளையருக்கான வாயில்களில் நுழைந்து கைதாகினர். 8,000க்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். தம்பி நாயுடுவின் பேரன் இந்திரஸ் நாயுடு, மண்டேலா இருந்த ராபன் தீவுச் சிறையில் பத்தாண்டு கழித்தார். மூன்று தலைமுறை ஒரே குடும்பம் சிறை சென்றது.

1983இல் அரசு ஒரு தந்திரம் செய்தது. வெள்ளையர், கலப்பினத்தார், இந்தியர் ஆகியோருக்குத் தனித்தனி அவைகள் கொண்ட நாடாளுமன்றம் அமைத்து, ஆப்பிரிக்கருக்கு எதுவும் தராமல் விட்டது. வெள்ளையர் அவைக்கு 178 இடம், இந்தியர் அவைக்கு 45. 1984 தேர்தலில் பதிவு செய்த இந்திய வாக்காளரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே வாக்களித்தனர். கீழ்ப்படியில் நின்றவனை விட்டுவிட்டுத் தனக்கு மட்டும் இடம் கேட்பதில்லை என்று அந்தச் சமூகம் அன்று தந்த விடை அது.

மலாயாவின் குரலும் சட்டங்களின் முடிவும்

ஷார்ப்வில் படுகொலை நடந்த சில வாரங்களில், 1960 மே மாதம் இலண்டனில் காமன்வெல்த் பிரதமர்கள் கூடினர். ஒரு நாட்டின் உள்விவகாரத்தைப் பிற நாடுகள் பேசுவதில்லை என்பது அன்றைய மரபு. மலாயாவின் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அந்த மரபைத் தள்ளிவைத்து இனவொதுக்கலைக் கண்டித்தார். அதே ஆண்டு மலாயா தென்னாப்பிரிக்கப் பொருள்களைப் புறக்கணித்தது. 1961 மார்ச் மாதக் கூட்டத்தில் எதிர்ப்பு வலுத்ததால், குடியரசாக மாறவிருந்த தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்தில் நீடிக்கும் கோரிக்கையைத் திரும்பப் பெற்று வெளியேறியது. சுதந்திரம் பெற்று நான்கு ஆண்டுகூட நிறையாத மலாயா எடுத்த துணிவான நிலை, துங்குவின் அந்தக் கண்டனம். துங்கு ஓய்வுக்காலத்தில் வாழ்ந்த சாலை இன்று ஜார்ஜ் டவுனில் அவர் பெயரையே தாங்குகிறது.

உள்நாட்டுக் கிளர்ச்சியும் தொழிலாளர் வேலைநிறுத்தமும் வெளிநாட்டுத் தடைகளும் சேர்ந்து சட்டங்களை ஒவ்வொன்றாக வீழ்த்தின. கலப்புத் திருமணத் தடை 1985இல் நீங்கியது. கடவுச் சீட்டு 1986இல் ஒழிந்தது. தனி வசதிகள் சட்டம் 1990இல் நீக்கப்பட்டது. நிலச் சட்டங்களும் குழுப் பகுதிகள் சட்டமும் மக்கள்தொகைப் பதிவுச் சட்டமும் 1991இல் வீழ்ந்தன. 1994 ஏப்ரல் 27 அன்று எல்லா இனத்தவரும் முதல்முறை ஒன்றாக வாக்களித்தனர். அதே ஆண்டு வந்த நில மீட்புச் சட்டம், 1913 ஜூன் 19க்குப் பின் இனவாதச் சட்டங்களால் நிலம் இழந்தவர்கள் உரிமை கோர வழி செய்தது. 1996ஆம் ஆண்டு அரசமைப்பு, வளர்க்கவும் மதிக்கவும் வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழையும் பெயர் குறித்துச் சொல்கிறது. இருந்தும், சாட்ஸ்வொர்த்தும் உம்லாசியும் இன்றளவும் பெருமளவு அன்று கோடு போட்டபடியே இருக்கின்றன. சட்டத்தை ஒரு நாளில் நீக்கலாம், அது இடம்பெயர்த்த ஊரை அவ்வளவு விரைவில் திருப்பிக் கட்ட முடியாது.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் வேண்டுகோள்

தில்லையாடி வள்ளியம்மையின் பெயர் தமிழ்ப் பாடங்களில் வருகிறது. அவர் எந்தச் சட்டங்களை எதிர்த்துச் சிறை சென்றார் என்பதும் உடன் சொல்லப்பட வேண்டும். 3 பவுன் வரி, சேர்ல் தீர்ப்பு, எல்லைத் தடை ஆகிய மூன்றையும் சொல்லாமல் அவர் தியாகத்தைச் சொன்னால், மாணவர் மனத்தில் கண்ணீர் மட்டும் தங்கும், காரணம் தங்காது.

தமிழர் பட்ட துன்பத்தைச் சொல்லும் அதே வகுப்பில் ஆப்பிரிக்கர் பட்டதையும் சொல்ல வேண்டும். மிகக் கனமான சுமையைச் சுமந்தவர்கள் அவர்கள். விடுதலைப் போராட்டத்தின் பெரும்பங்கும் அவர்களுடையது. அஞ்சலக வாயில் கதையையும் மூன்று மருத்துவர்களின் உடன்படிக்கையையும் அருகருகே வைத்துக் கற்பித்தால், எது பிழை, எது திருத்தம் என்பதை மாணவரே எடைபோடுவர்.

செபராங் பிறைத் தோட்டங்களின் லயங்களில் பிறந்து வளர்ந்த பாட்டன் பாட்டிமார் பலர் இன்னும் பினாங்கு வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் தோட்டத்துக் கதைகளை மாணவர் எழுதிவைத்து, டர்பன் கரும்புத் தோட்டத்தாரின் கதையோடு ஒப்பிட்டுப் படிக்கட்டும். பிறப்பை வைத்து மனிதனின் இடத்தைத் தீர்மானிக்கும் எந்த விதியும், அது எந்த நாட்டில் யாருக்கு எதிராக எழுதப்பட்டாலும், அநீதியே. இதைத் தெரிந்துகொண்டு வெளியே வரும் ஒவ்வொரு மாணவரும் இந்நாட்டுக்குப் பயனுள்ள குடிமகனாகவோ குடிமகளாகவோ வளர்வர். இப்பாடத்தை வரும் பள்ளித் தவணையிலேயே தொடங்குமாறு ஆசிரியர்களையும் பெற்றோரையும் இம்மடல் கேட்டுக்கொள்கிறது.